இரண்டாவது ஓட்டை

நாலு ஐம்பது.
யீஷூன், பலமாடிக் கார்ப்பேட்டை, நாலாம் தளம்.
சாரல் எட்டாத ஒரே மூலையில்
நேற்று நான் மெழுகு போட்டுத் தேய்த்த மினுமினுப்போடு
நிற்கிறது வண்டி.

சாவி. பச்சை விளக்கு.
பொத்தானை அழுத்தினால்
ட்ர்ர்ர்ர் என்கிறது, ட்ர்ர்ர்ர் என்கிறது,
பிடிக்க மாட்டேன் என்கிறது.

கில் சுவிட்ச் சரியாகத்தான் இருக்கிறது.
(போன வருஷம் அதைப் பார்க்க மறந்து
மெக்கானிக்குக்கு நாற்பது வெள்ளி அழுதேன்.
இனிச் சாகும்வரை அதைத்தான் முதலில் பார்ப்பேன்.)
சோக்கை இழுத்தேன், தள்ளினேன்.
உதைத்தேன், பதினேழு தரம்.
வலது முழங்கால் என்னைப் பெயர் சொல்லித் திட்டியது.

நடைப்பயிற்சிக்கு இறங்கிய பூன் டெக்
நின்று பார்த்து, "பேட்டரி லா" என்றார்.
ஹெட்லைட் அவர் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.
டாக்சி எடுக்க வந்த ரோஸ்னா
கண்ணாடியை இறக்கி, "பெட்ரோல்?" என்றாள்.
வண்டியைக் குலுக்கிக் காட்டினேன். களக் களக்.
உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

பிளக்கைக் கழற்றினேன்.
நனையவே இல்லை, வாடைகூட இல்லை.
பொறி இருக்கிறது, ஊசிமுனை நீலம்.
மேலே எண்ணெய் இருக்கிறது, கீழே நெருப்பு இருக்கிறது,
நடுவில் யாரோ குறுக்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள்.

ஹனீஃபா பாயின் மூன்றாவது அழைப்பு.
ஐந்தே முக்காலுக்கு செம்பவாங் கடைக்கு
கப்பல் பட்டறை ஆட்கள் லாரியோடு வந்துவிடுவார்கள்.
அறுபது தே, இருபது கோப்பி.
நான் போனை எடுக்கவில்லை.

இந்த வண்டிக்கு இன்னும் எழுபத்தொரு நாள்.
அதற்குப் பிறகு சிஓஇ முடிகிறது.
வண்டி என்னவோ என்னுடையதுதான்,
ஓடலாம் என்கிற காகிதம்தான் தவணைக்கு வந்தது.
காகிதத்தைப் புதுப்பிக்கிற காசுக்கு
இதே மாதிரி நாலு வண்டி வாங்கலாம்.
பிறகு எதற்கு மெழுகு என்று கேட்டாள் தங்கச்சி.
இரவல் பாத்திரத்தைக்
கழுவாமலா திருப்பித் தருவது?

தேய்த்து முடித்ததும் ஒரு சுற்றுப் போய் வந்தேன்.
திரும்பும்போதே இரண்டு தரம் இருமியது.
அழுக்கைப் பிரிந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்குமாறோடு வந்த ஷஃபீக்குல்
ஒன்றும் சொல்லவில்லை.
போனில் டார்ச்சைப் போட்டு
நான் குனிகிற இடத்துக்கெல்லாம் வெளிச்சத்தை நகர்த்தினான்.
அதற்கு மரியாதையாகவேனும்
எதையாவது திறந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.
டாங்க் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ்.

நீளமாக, உள்பக்கமாக.
யாரோ தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்த மாதிரி.

எனக்குத் தெரியும் இந்தச் சங்கதி.
பால் டின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால்
நாலு சொட்டு விழும், பிறகு நின்றுவிடும்.
தட்டினாலும் வராது, வைதாலும் வராது.
எதிர்ப்பக்கம் இன்னொரு குத்து,
காற்று போக.
பதினோரு வருஷமாகத் தினமும் முப்பது டின்.
இந்தக் கைக்குத் தெரிந்தது
எனக்குத் தெரிய நாற்பது நிமிஷம் ஆகியிருக்கிறது.

மூடியைத் திருப்பினேன்.
குண்டூசித் தலையளவு துவாரம்,
அதை அடைத்துக்கொண்டு வெள்ளையாய்
என் மெழுகு.

ஏப்ரனிலிருந்த ஊக்கைப் பிரித்துக் குத்தினேன்.
அரிசிக் குறுணை போல உதிர்ந்தது.
பிளக்கை மாட்டி, கொஞ்சம் பொறுத்து,
பதினெட்டாவது உதை.

தளமே அதிர்ந்தது.
ஷஃபீக்குல் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான்,
தொட்டுக் கும்பிடுகிற தூரத்தில் புகை.
நன்றி சொல்வதற்குள்
அடுத்த தூணுக்குப் பெருக்கப் போய்விட்டான்.

ஹனீஃபா பாய் கடிகாரத்தைப் பார்த்தார்.
கரி பிடித்த என் விரல்களைப் பார்த்தார்.
"முதலில் கையைக் கழுவு."

ஊக்கு இப்போது ஏப்ரனில் இல்லை.
சாவி வளையத்தில் மாட்டியிருக்கிறேன்,
எழுபது நாளைக்கு.